பள்ளிக்கூட வேனும் இரண்டு கம்பெனிகளும்

கேரள எல்லையோரப் பனச்சமூடு சந்தைக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கும் பிரேமகுமாரி பி.டி.ஏ. பிரசிடெண்ட் ஆனது ஆசைப்பட்டு அல்ல. மகள் நிவேத்யா படிக்கும் எல்.பி. ஸ்கூல் என்கிற தொடக்கப் பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். மில்லை அடைத்துவிட்டுப் போகப் பிந்திவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"உங்களையாக்கும் பிரசிடெண்டா போட்டிருக்கு" என்றாள் அவள்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பிரேமகுமாரிக்கு எப்போதும் சங்கடம். துணிக்கடையில் இரண்டு நிறம் காட்டினால் இரண்டையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். மில்லில் மட்டும்தான் குழப்பம் கிடையாது. அரிசிக்கு ஒரு மெஷின், மல்லிக்கும் மிளகாய்க்கும் இன்னொரு மெஷின்.

ஸ்கூலுக்கு உடனே வேண்டியது ஒரு வேன். தனியார் இங்கிலீஷ் மீடியம் வண்டிகள் காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பஞ்சாயத்தில் கேட்டாயிற்று, மேலே எழுதியாயிற்று, பதில் இல்லை. ஹெட்மாஸ்டர் சிவானந்தம் சார் யாரிடமோ விசாரித்து, ஸ்கூல்களுக்குப் பணம் திரட்டிக் கொடுக்கவே கம்பெனிகள் உண்டு என்று அறிந்துவந்தார்.

"ரெண்டு கம்பெனிக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன் பிரேமா. பேசிப் பாத்து எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

முதலில் வந்தவன் அகிலேஷ். திருவனந்தபுரத்துப் பையன். பெரிய பையைத் திறந்து ஸ்டீல் டிபன் பாக்ஸ்களை மேசைமேல் பரப்பினான்.

"பிள்ளைகள் இதை வீடு வீடா கொண்டுபோய் விக்கணும் சேச்சி. விக்கிறதில ஒரு பங்கு ஸ்கூலுக்கு. கூடுதல் விக்கிற பிள்ளைக்கு ஒரு சைக்கிள்."

"விக்காத பிள்ளைக்கு?"

அகிலேஷ் கொஞ்சம் யோசித்தான். "ஒரு சர்டிபிகேட் கொடுக்கலாம்."

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இந்த ஸ்கூல் பிள்ளைகளுக்க வீடுதானே மக்கா. யாரு யாருக்கு விக்கும்?"

"சொந்தக்காரங்களுக்கு விக்கலாமே சேச்சி" என்றான் அவன். அதுவும் சரிதான் என்று பிரேமகுமாரிக்குப் பட்டது. வீட்டுக்கு நடந்து போகும்போது சரியில்லை என்று பட்டது.

அடுத்து வந்தவள் கிருஷ்ணப்ரியா. அவளுடைய கம்பெனியில் விற்க எதுவும் இல்லை. ஒரு சின்ன வீடியோ எடுத்து போனில் விடுவார்கள், எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்துப் பணம் அனுப்புவார்கள். பிரேமகுமாரிக்கு மனம் லேசானது. வாசலில் போய் நிற்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

மாதிரிக்கு ஒன்று எடுத்துக் காட்டுவதாகச் சொல்லி, மதியச் சோறு முடிந்த நேரத்தில் கிருஷ்ணப்ரியா கேமராவோடு வந்தாள். பிரேமகுமாரியும் பார்க்க வந்திருந்தாள். வராந்தாவில் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நிவேத்யாவின் கையைப் பிடித்தாள். பெரிய கண்கள் அவளுக்கு. "தினமும் பசியோட நடந்து ஸ்கூலுக்கு வாறேன்னு சொல்லு மோளே."

நிவேத்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மே, எனக்குப் பசிக்கா?"

"இல்லியே மக்கா, இப்பத்தானே சோறும் பயறும் தின்னே."

"பொய் சொல்லச் சொல்லல்ல சேச்சி" என்றாள் கிருஷ்ணப்ரியா பொறுமையாக. "ஸ்கூலுக்கு வேன் இல்லாதது உண்மைதானே. பாக்கிற ஆளுக்கு அது மனசில படணும். அதுக்கு ஒரு முகம் வேணும்."

அவள் சொன்னதில் எது தப்பு என்று பிரேமகுமாரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளை இரண்டாவது முறை அந்த வரியைச் சொன்னபோது கண்ணில் நீர் கட்டி, கன்னத்தில் இறங்கியது. சுற்றி நின்ற டீச்சர்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "நாளைக்கும் பசிக்குன்னு சொல்லணுமா அம்மே?" என்று கேட்டாள் நிவேத்யா. பிரேமகுமாரி அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் கொச்சியில் வேலை பார்க்கும் கணவன் சஜனைப் போனில் கூப்பிட்டாள்.

"நீதானே பிரசிடெண்ட், நீயே தீருமானி" என்றான்.

"எனக்கு அறியாததினாலதானே உங்ககிட்ட கேக்கேன்."

"எனக்கும் அறியாது பிரேமா."

மறுநாள் மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். வீடியோதான் நல்லது என்றார் ஒருவர். இரண்டும் தட்டிப்பு, ஏமாத்து வேலை என்றார் இன்னொருவர். பாத்திரமாவது கையில் மிஞ்சும் என்றாள் ஒருத்தி. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே யாருடைய மல்லியையோ அரிசி மெஷினில் கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அரைத்த புட்டுமாவு முழுக்க மல்லி வாசம்.

கமிட்டி கூடிய அன்று சிவானந்தம் சார் தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். "எனக்கே கண்ணு கலங்கிட்டு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சரி என்று சொல்லத்தான் பிரேமகுமாரி எழுந்தாள்.

"டிபன் பாக்ஸ் போரும் சாரே" என்றாள்.

அவளுக்கே திடுக்கென்றது.

"ஏன், வீடியோ நல்லாத்தானே இருக்கு?" என்றார் சார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம். டப்பாவை பிள்ளைகளு விக்காண்டாம், நாம விக்கலாம்."

"காரணம் சொல்லணுமே பிரேமா."

அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவ அழுதாளே சாரே. அது நடிப்பா, நெசமா அழுதாளான்னு பெத்த எனக்கே தெரியல்ல."

சார் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெரியவர்கள் விற்பதற்கு அகிலேஷின் கம்பெனி அரைமனதாகச் சம்மதித்தது. சைக்கிள் கிடையாது என்றார்கள். கமிட்டிக்காரர்கள் கோயில் திருவிழாவில் ஒரு மேசை போட்டார்கள். பிரேமகுமாரி மில்லிலும் ஒரு அடுக்கு வைத்தாள். கிடைத்த பணம் வேனுக்கு எட்டவில்லை. தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டோ பேச முடிந்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சில பிள்ளைகள் சேர்ந்தார்கள். அது ஆட்டோவினாலா வேறு எதனாலா என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளறடா பக்கம் இன்னொரு ஸ்கூல் கிருஷ்ணப்ரியாவின் கம்பெனியை வைத்துக்கொண்டது. சில மாதங்களில் அவர்களுக்கு மஞ்சள் வேன் வந்துவிட்டது. அந்த ஊர் பிந்து ஒருநாள் மிளகாய் அரைக்க வந்தாள்.

"எங்க ஸ்கூல் வீடியோவில வாறது என் மகனாக்கும்" என்றாள்.

"வேன் வந்துட்டே. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் உண்டு. ஜன்னல் ஓரத்து சீட்டு அவனுக்குத்தான். ஆனா போற இடமெல்லாம் பசிச்ச பையன் இவன்தானேன்னு ஆளுகள் கேக்கினும். போன வாரம் பஸ் ஸ்டாப்பில ஒரு ஆளு பிஸ்கட் வாங்கி இவன் கையில வச்சிட்டுப் போச்சு."

"அவன் என்ன செய்தான்?"

"தின்னான்" என்றாள் பிந்து. இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிந்துவின் சிரிப்பு முதலில் நின்றது. "நீங்க வீடியோ வேண்டாமுன்னு சொன்னதா கேட்டேன். எப்படி தோணிச்சு அக்கா?"

"தோணல்ல. வாயில வந்துட்டு."

"அப்போ நான் செய்தது தப்பா?"

பிரேமகுமாரி மெஷினை நிறுத்தினாள். மழைநாளில் ஆட்டோவின் படுதாவுக்கு வெளியே முழங்கால் நனைந்து வரும் பிள்ளைகளை நினைத்தாள். "எனக்கு அறியாது பிந்து. உள்ளதாக்கும் சொல்லுகேன்" என்றாள். பிந்து தலையாட்டிவிட்டு, சூடாக இருந்த பொடியைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

கிருஷ்ணப்ரியாவின் நம்பர் பிரேமகுமாரியின் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.