ஏவாள் போனாளா?

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் சொல்கிறேன். மற்ற நாட்களில் பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் வந்தால் போதும் என்று முதலாளி விட்டிருக்கிறார். தம்பி இறந்த மூன்றாம் வருஷம், பாடம் மறுபடி ஆதியிலிருந்து தொடங்கியது. தோட்டம், பழம், பாம்பு எல்லாம் முடிந்து காயீனும் ஆபேலும் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கொன்ற கதை.

பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள். உலகத்தில் வேறு ஆளே இல்லையென்றால் காயீன் யாரை நினைத்துப் பயந்தான்? அவனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள்? அவன் கொண்டுபோன காணிக்கையைக் கடவுள் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? சிறுமியாக இருந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட பதில்களையே நானும் சொன்னேன். பிறகு அவர்களைப் பாட விட்டுவிட்டு அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். அவர்களைப் பெற்ற ஏவாள் அதில் முதலில் இருக்கிறாள். ஒரு பிள்ளை செத்து, இன்னொரு பிள்ளை ஊரைவிட்டுப் போகும் இடத்தில் அவளைக் காணோம். கடைசியில் வேறொரு பிள்ளை பிறக்கும்போதுதான் திரும்ப வருகிறாள். நடுவில் அவள் என்ன செய்தாள்?

வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த வருஷங்களில் எதற்குமே வரவில்லை.

என் அண்ணனும் தம்பியும் திருமுக்கூடல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது அண்ணன். ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் வண்டி மோதியது. அண்ணனுக்கு வலது தோள்பட்டை எலும்பு உடைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே போய்விட்டான். அண்ணன் குடிக்கவில்லை. எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது என்று போலீசிடம் சொன்னான். எங்களிடம் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பா முன்பே இல்லை. அம்மா ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறாள். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். வீட்டில் அண்ணனை யாரும் திட்டவில்லை. மாத்திரை போட்டாயா, அழுக்குச் சட்டையை எடுத்துப் போடு என்று அம்மா பேசத்தான் செய்தாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும், ஓட்டியது பெரியவனா என்று கேட்டார்கள். அம்மா ஆமாம் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டாள். உள்ளே படுத்திருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தோளின் கட்டைப் பிரித்த சில நாளில், ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பையோடு கிளம்பினான். அம்மா சரி என்றாள்.

அதன்பின் என்னிடம் மட்டும் எப்போதாவது போனில் பேசுவான். கூட வேலை செய்யும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதாக ஒருமுறை சொன்னான். பெண்குழந்தை பிறந்திருப்பதாக இன்னொருமுறை. நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசியைத் தள்ளித் தள்ளிக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

பாடம் நடத்திய அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய் ஏவாளைப் பற்றிக் கேட்டேன். தம்பியை அடக்கம் செய்தவர் அவர்தான். எதற்காகக் கேட்கிறாய் என்றார். பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டுமே என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தெரியாதும்மா. மேடைல நின்னா எதுனா சொல்லி சமாளிச்சிடுவேன். உங்கிட்ட வேணாம்."

அன்று கடையிலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் பேசுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கோயிலில் கேட்டதுதான் அவளுக்குத் தெரிந்த வேதம். கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "பெரியவன பாக்கறதுக்குப் போனாளா அவ?" என்றாள்.

"அதெல்லாம் எழுதலம்மா."

"எழுதலன்னா போகலன்னு ஆயிடுமா?"

அம்மா அதோடு விட்டுவிட்டாள். சில நாள் கழித்து, கடையில் லீவு கேள் என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

விடியற்காலையில் கிளம்பி, வேலூரில் பஸ் மாறி, மதியம் ஓசூர் போய்ச் சேர்ந்தோம். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் அண்ணன் குடியிருந்தான். நான் முன்பே போன் செய்திருந்ததால் வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அண்ணி தெலுங்குக்காரப் பெண். "ரண்டி" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க அத்த" என்றாள். குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். அம்மா குழந்தையைக் கொஞ்சவில்லை. விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான்தாம்மா ஓட்டிக்கினு வந்தேன்."

"தெரியும்டா."

"பிரேக் புடிச்சனா இல்லியான்னு இன்னும் ஞாபகம் வரல."

அம்மா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது கழன்றிருக்கவில்லை, அவளே கழற்றித் திரும்பப் போட்டாள். பிறகு கேட்டாள்: "அவன் கடைசியா எதுனா சொன்னானா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "பசிக்குதுன்னான். கல்யாண சாப்பாடு நல்லால்லன்னு வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தான்."

அம்மா தலையசைத்தாள். "அவனுக்கு எங்க சாப்பிட்டாலும் அப்படித்தான்."

அவ்வளவுதான் பேசினார்கள். மூன்று வருஷமாக அம்மா இதைக் கேட்கத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. அந்த வீட்டில் யாராவது உடைந்து அழுவார்கள், நானும் அழுதுவிடுவேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். யாரும் அழவில்லை. அண்ணி புளிக்குழம்பு வைத்திருந்தாள், காரம் அதிகம். அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது அண்ணனிடம், மழைக்காலத்தில் தோள் வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கும் என்றான். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், மனசு லேசாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். கால் வீங்கியிருக்கிறது என்றாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். கல்லறைக்குப் போக வேண்டும் என்றான், நான் கூடப் போனேன். தம்பியின் கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லை இடது கையால் பிடுங்கினான். ஜெபம் செய்யத் தெரியவில்லை என்றான். எனக்கும் அங்கே ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். வழியில், கடையில் இப்போது கூட்டம் இருக்கிறதா என்று கேட்டான். தை பிறந்தால்தான் கல்யாணக் கூட்டம் வரும் என்றேன்.

குழந்தைக்கு ஜுரம் கண்டதால் மறுநாளே கிளம்பினார்கள். அம்மா பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு, அங்கிருந்தே ஏனாத்தூர் பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.