மடுத்தீன் எடுத்த லீவு

பாரிஸ் லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக்கடையில் இருபது வருசமாய்க் கொத்துரொட்டி போடும் மடுத்தீன், காய்ச்சல் வந்தாலும் லீவு எடுக்காத மனுசன். ஆனால் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள் மட்டும், முதலாளி தலைகீழாய் நின்றாலும் வேலைக்குப் போகமாட்டார். அன்றைக்குத்தான் மகள் கஜானியின் கொப்பிகளுக்கு உறை போடுவது.

பள்ளிக்கூடம் ஒரு பட்டியல் அனுப்பும். அடேயப்பா, இந்தப் பிரெஞ்சுக்காரருக்குக் கொப்பியின் கட்டத்துக்கும் சட்டம்! பெரிய கட்டம், தொண்ணூற்றாறு பக்கம், கணக்குக்குச் சிவப்பு, சரித்திரத்துக்கு நீலம். கஜானி வாசிக்க, இவர் லாச்சப்பல் கடைத்தெருவில் கடைகடையாய் ஏறி இறங்குவார். பின்னேரம் அவள் ஒட்டுநாடா வெட்டிக் கொடுக்க, இவர் ஒரு சுருக்கமில்லாமல் உறையை மடிப்பார். புது அழிறப்பரை மணந்து பார்ப்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வரும்.

கடைசியில் லேபல் எழுதுவது. வரி, வாடகை, வதிவிட அட்டை என்று வீட்டுக்கு வரும் பேப்பர் எல்லாம் பத்து வயதிலிருந்தே அவள்தான் நிரப்புகிறாள். அவளுக்காக இவர் எழுதியது அந்த லேபல்கள் மட்டும்தான்.

அதிலும் முதல் வருசமே பிழைவிட்டார். எங்கட சனத்துக்கு இங்கே தகப்பன் பெயர்தான் குடும்பப்பெயர். எந்தக் கோட்டில் எது என்று விளங்காமல், மகளின் பெயர் வரவேண்டிய கோட்டில் தன் பெயரை மாறி எழுதிவிட்டார். ஆசிரியை ஒரு மாதமாய் ஆறு வயதுப் பெட்டையை "மடுத்தீன், மடுத்தீன்" என்று கூப்பிட, அவளும் எழும்பி நின்றிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அப்பாதானே எழுதினவர், சரியாத்தான் இருக்கும்" என்றாளாம். அந்தச் சொல்லை மனுசன் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்.

இந்த வருசம் பட்டியல் இல்லை. கஜானி பல்கலைக்கழகம் படிக்க லியோனுக்குப் போகிறாள். மடுத்தீன் வழக்கம்போல லீவு எடுத்து, பத்துக் கொப்பியும் உறைச்சுருளும் வாங்கி மேசையில் அடுக்கினார். போகாதே என்று எப்படித் தொடங்குவதென்று காலையிலிருந்தே யோசனை.

"உங்களுக்கென்ன விசரே? அவள் பள்ளிக்கூடப் பிள்ளையே?" என்றாள் மனைவி அருள்மலர்.

கஜானி வந்து பார்த்துச் சிரித்தாள். "அப்பா, அங்கை எல்லாம் கொம்பியூட்டரிலைதான் எழுதுறது."

"அப்ப இனி என்னட்டை உனக்கு ஒண்டும் தேவையில்லை, என்ன?" மடுத்தீன் உறைச்சுருளைத் தள்ளிவைத்தார்.

அவள் அறைக்குள் போய், தடித்த பைல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நிற அட்டைகளால் பிரித்து வரி, வாடகை, வைத்தியம், வேலை. ஒவ்வொன்றிலும் மாதிரிக்கு நிரப்பிய பேப்பர் ஒன்று, பக்கத்தில் அவளுடைய கோணல் தமிழில் குறிப்பு: இதிலே கையெழுத்து, இதைத் தபாலில் போடுங்கோ, இது வந்தால் பயப்படவேண்டாம்.

"கோடை முழுக்க இதுதானப்பா செய்தனான். நான் போனாப்பிறகு நீங்கள் என்ன செய்வியள் எண்டு நித்திரையில்லை." மூக்கை உறிஞ்சினாள். "நான் இங்கையே நிக்கட்டே? பாரிஸ் பல்கலைக்கழகத்திலையும் இடம் கிடைச்சது."

ஓம் என்ற ஒரு சொல் போதும், பிள்ளை நின்றுவிடும். மடுத்தீன் பைலைத் தன் பக்கம் இழுத்து மூடினார்.

"விசர்க்கதை கதையாதை. உதெல்லாம் நான் பாப்பன். நீ போயிட்டு வா."