அந்துருண்டை மணத்த பறவை

எழுபதுகளின் கடைசியில், ஓசூர்–கிருஷ்ணகிரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அந்துருண்டை வாசனை அடித்தது. ஜவுளி வியாபாரி என்று முடிவு கட்டினேன். என் முடிவுகள் பெரும்பாலும் அப்படித்தான். ஒல்லியான மனிதர். மடியிலிருந்த மரப்பெட்டியை அடிக்கடி லேசாகத் திறந்து மோந்துகொண்டார்.

"வாசனை போனா பூச்சி வந்துருமுங்க" என்றார்.

சானமாவுக் காடு தாண்டியதும் காட்டிலாகா காவலர் ஏறிப் பெட்டியைத் திறந்தார். சிவப்புக் கொண்டையோடு ஒரு பச்சைப் பறவை, கண்ணில் பஞ்சு வைத்து மல்லாந்து கிடந்தது.

"வேட்டையா? பெட்டிய எறக்குயா."

"ஆப்பிரிக்காக் குருவிங்க. எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே செத்தது, உள்ள பஞ்சடைச்சுப் பாடம் பண்ணி வெச்சிருக்குதுங்க. அங்க காட்டையே வெட்டிட்டாங்க, இந்த ஜாதி கொஞ்சந்தான் மிச்சம். காலேஜ் மியூசியத்துக்குக் கொண்டு போறனுங்க. உங்க ஷெட்டுல கெடந்தா பூச்சி தின்னுரும்."

"கத விடாத. கறிக்குத்தான?"

"மோந்து பாருங்க."

மோந்த காவலர் விடாமல் தும்மினார்.

"அந்துருண்டை போட்டு எவனுங்க கறி தின்னுவான்?" என்றார் இவர்.

பஸ்ஸே சிரித்தது. காவலர் தும்மிக்கொண்டே, "போ, போ" என்று கையை அசைத்து இறங்கிவிட்டார்.

கிருஷ்ணகிரியில் அவர் அந்தப் பெட்டியைக் கோப்பை ஜெயித்தவர் மாதிரி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

இன்றும் பீரோவைத் திறந்து அந்த வாசனை வந்தால், என் கல்யாணக் கோட்டுக்குக்கூட ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.