கப்டனின் இரண்டு கைகளும் என்னிடம்தான் இருந்தன

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கே சொல்லித் திரிந்தவன் நான். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு வராது.

பிராங்பேர்ட்டில் எங்கள் கீழ்வீட்டில் தொண்ணூறை நெருங்கிய சேர்பியக் கிழவர் ஒருவர் இருந்தார். ஆஸ்துமா இழுப்புக்காரர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், யூகோஸ்லாவிய மன்னருக்காக மலைகளில் மறைந்திருந்து சண்டை பிடித்த படையில் கப்டன். பிறகு அங்கே கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிட, ஊர் திரும்ப வழியில்லாமல் ஜேர்மனியிலேயே ஒதுங்கியவர். “ஓநாய்க்குத் தப்பி ஓநாயின்ர குகையிலயே வாடகை கட்டுறன்” என்பார். பிளம்ஸ் சாராயம் உள்ளே போன ஒரு மாலையில்தான் அந்தப் போர்க்காலக் கதையைச் சொன்னார். ஜேர்மன் படை தேடி வந்தபோது மாட்டுக்கொட்டிலுக்கு அடியில் ஒரு குழிக்குள் பதுங்கியிருக்கிறார்கள். ஒரு சிப்பாய்க்கு இருமல். இவர் அவன் வாயைப் பொத்தியிருக்கிறார். மேலே காலடிச் சத்தம் ஓய்ந்து கையை எடுத்தால், அவனுக்கு மூச்சில்லை.

உலகக் கோப்பை ஜேர்மனியில் நடந்த கோடை. சாராயப் போத்தல் எடுக்க இருவரும் நிலவறைக்கு இறங்கினோம். இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, உள்ளே பிடி கழன்று கிடந்தது, சில நிமிடங்களில் தானாக அணைகிற விளக்கும் அணைந்தது, அதன் சுவிட்ச் வெளியே. கத்தினேன், உதைத்தேன், மேலே கட்டடமே உதைபந்தாட்டத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது, யாருக்குக் கேட்கும்? கிழவர் இருமத் தொடங்கினார்.

“பயப்பிடாதேங்கோ கப்டன்” என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

இருமல் சட்டென்று அடைபட்டது. உடம்பு துடிக்கிறது, மூச்சு வரவில்லை. அந்த மெலிந்த மணிக்கட்டுகள் இரண்டையும் ஒரு கைக்குள் சேர்த்துப் பிடித்தபடி மற்றக் கையால் அவர் முகத்தைத் தடவினேன். நம்பினால் நம்புங்கள், வாயின்மேல் ஒரு கை இருந்தது. ஈர மண் ஒட்டிய கை. இழுத்தேன், அசையவில்லை. பயத்தில் ஜேர்மன் எல்லாம் மறந்து தமிழ்தான் வந்தது.

“விடு ராசா. அந்த மனுசனுக்கு ஏலாது. செத்துப்போவார், விடு தம்பி.”

விட்டது. விட்டுவிட்டு என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது, குழந்தை பிடிக்கிற மாதிரி. கதவு திறந்து வெளிச்சம் வரும்வரை விடவில்லை.

“கோல் அடிக்கேக்க இதுக்குள்ளயா இருந்தனீங்கள்? விசரோ?” என்று சிரித்தார், எங்களைத் திறந்துவிட்ட கட்டடக் காவலாளி.

கப்டன் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, “அவனுக்கு என்ன சொன்னனீ?” என்று கேட்டார்.

“விடச் சொன்னனான், கப்டன்.”

“அதைத்தான் அவனும் கேக்கப் பாத்திருப்பான். நான் வாயைப் பொத்தியிருந்தனே.”

அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. எந்தக் கோடையிலும் என்னுடைய இந்தச் சுட்டுவிரல் மட்டும் சூடேறுவதில்லை. பிடித்துப் பாருங்கள்.