ஜன்னலில் போட்ட பை

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் சுகன்யா மேரி ஒரு பை வாங்க மூன்று கடை ஏறி இறங்கினாள். எட்டுப் பிள்ளைகளைப் பச்சைமலைக்கு அழைத்துப்போய் ஒரு ராத்திரி தங்கி வருவது எங்கள் இருவரின் பொறுப்பு. நான் பரணில் கிடந்த பழைய பையைத் தூசி தட்டிக்கொண்டேன். அவளோ பெரம்பலூர்க் கடையில் பைக்குள் ஐந்து கிலோ அரிசியை வைத்து மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் மூன்று தரம் ஏறிப் பார்த்தாள். இடுப்பு வார் இல்லாதது தோளை அறுத்தது. பெரிய பை வேண்டாம், இடமிருந்தால் கண்டதையும் திணிப்போம் என்று ஒதுக்கினாள். கடைசியில் முப்பது லிட்டர் பை ஒன்று ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் படிந்தது. முதுகுப் பக்கம் வலை, உள்ளே தனி அறை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேள்வி கேட்பதில்லை என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

அந்த உள்ளறை இலக்கியாவுக்காக. எட்டாம் வகுப்பு படிக்கிற அவளுக்கு ஏழு வயதிலிருந்து சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். அவள் அம்மா பூங்காவனம் மலைக்கு அனுப்பவே மாட்டேன் என்றார். சுகன்யா இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினாள். இன்சுலின் என் முதுகைவிட்டு இறங்காது என்று வாக்குக் கொடுத்த பிறகே அந்த அம்மா சரி என்றார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் வந்து நின்றபோது மணி பத்தரை. கூட்டம் முண்டியடித்தது. இருபது வருஷம் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவளுக்கு அந்த நேரத்தில் கை சும்மா இருக்குமா? திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், சீட் பிடிக்கப் பையை உள்ளே போட்டாள். பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிட்டு உள்ளே போனால் எந்த சீட்டிலும் பை இல்லை. அவள் போட்டது பக்கத்தில் ஒட்டி நின்ற ஆத்தூர் பஸ்ஸில். அது புறப்பட்டுப் போய்விட்டது.

எல்லோரும் இறங்கினோம். இன்சுலின் பேனா இரண்டும் அந்தப் பையில்தான். பன்னிரண்டரைக்கு ஊசி. எனக்கு அவள்மேல் கோபமான கோபம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

டைம் கீப்பர் அந்த பஸ் கண்டக்டருக்குப் போன் போட்டார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, பை இருக்கிறது, இன்ஜின் மேல் வைத்திருக்கிறேன் என்றார். சுகன்யா போனைப் பிடுங்காத குறைதான். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும், உடனே எடுங்கள் என்று கெஞ்சினாள். வேப்பந்தட்டையில் எதிரே வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாக அவர் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் நகர மறுத்தது. பிள்ளைகள் புளிசாதப் பொட்டலத்தைத் தொடவில்லை. இலக்கியா மட்டும் பதறாமல் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது மிஸ் என்றாள். சுகன்யா ஜெபம் சொன்னாள், பாதியில் மறந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பன்னிரண்டே காலுக்குப் பை வந்தது. உள்ளே ஐஸ் உறை இன்னும் சில்லென்று இருந்தது. இலக்கியா பேனாவை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பூங்காவனத்தின் போன். சொல்லாதே என்று நான் சுகன்யாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவளா கேட்பாள்? ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டாள்.

ஸ்பீக்கரில் பூங்காவனத்தின் குரல் கேட்டது.

"நானா இருந்தாலும் சன்னல்லதான் போட்டிருப்பேன் டீச்சர். ஊசிய அவகிட்டயே குடுத்துடுங்க. போயிட்டு வாங்க."

சுகன்யா அந்த உறையை இலக்கியாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். அந்தப் பெண் அதைத் தன் பள்ளிப் பைக்குள் வைத்து, பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

அடுத்த துறையூர் பஸ்ஸில் எங்கள் யாருக்கும் சீட் கிடைக்கவில்லை.