கெதியா

யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிது. விளையாட்டுப் போட்டியில் எங்கள் இல்ல அணியின் கூடாரத்தை அலங்கரிக்க எல்லோரும் அட்டையில் கப்பல் செய்துகொண்டிருந்தோம்.

"கெதியா ஒட்டுங்கோ, பசை காயுது" என்றேன்.

சீக்கிரம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. வகுப்புத் தோழி டிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து என் பெயரே கெதியா. பிறகு மூலையில் தனியாக இருந்து கடலுக்கு நீலத்தாள் வெட்டினேன்.

போட்டியன்று அஞ்சலோட்டத்தில் கடைசிச் சுற்றை நான் ஓடினேன். "கெதியா, கெதியா" என்று இல்லமே கத்தியது. கேலியா, உற்சாகமா என்று புரியாமலே ஓடி மூன்றாவதாக வந்தேன்.

டிலானி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"கெதியா குடி, போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க."

அவள் சிரிக்கவில்லை. என் பெயராக அல்ல, சீக்கிரம் என்பதற்கே அதைச் சொன்னதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு முன்பே என் சொல் கொட்டாஞ்சேனைக்காரியாகிவிட்டிருந்தது.