நாய்க்கு அடைத்த பொட்டு

டோகாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தபோது குகதாசனைக் கட்டிக்கொண்ட பிலிப்பைன்ஸ்காரி மரிசெல், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வந்த பிறகு பிட்டு அவிக்கவும் வெள்ளிக்கிழமைகளில் முழுகிக் கோயிலுக்குப் போகவும் பழகியிருந்தாள். குகதாசன் கொடிகாமம் வரை போய் ஏசி பூட்டிக் கொடுப்பவன். விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். பகலெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை பக்கத்து வளவு உதயகலா ஒருத்திதான். ஊரில் மற்றவர்கள் மரிசெல்லைக் கண்டால் புன்னகைத்துவிட்டுப் போவார்கள். உதயகலா சட்டியைத் திறந்து பார்த்து ஏசுவாள். அந்த ஏச்சில்தான் மரிசெல்லுக்கு இது தன் வீடு என்ற எண்ணமே வந்தது.

உதயகலாவின் கிணறு உவர். குடிதண்ணீருக்குத் தினமும் காலையில் குடத்தோடு தகரவேலி மூலையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து மரிசெல்லின் கிணற்றடிக்கு வருவாள். ஒருநாள் தெருநாய் ஒன்று அதே பொட்டால் புகுந்து உதயகலாவின் முட்டைக்கோழியைக் கொன்றுவிட்டது. தன் வீட்டுத் தெருவாசல் கேற் திறந்து கிடந்ததால்தான் நாய் வந்தது என்று மரிசெல்லுக்கு மனம் கேட்கவில்லை. புதுத்தகரம் வாங்கி, தானே ஆணி அடித்துப் பொட்டை அடைத்தாள். அக்கா இனி இடுப்பு நோகக் குனியாமல் கேற்றால் மகாராணி மாதிரி வரலாம் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் உதயகலா வரவில்லை. அதற்கடுத்த நாள் அவள் குடத்தோடு கேற்றைத் தாண்டி, திரும்பியும் பாராமல், தெருமுனையில் இருக்கும் பூரணம் வீட்டுக்குப் போவதை மரிசெல் கண்டாள்.

அன்றிரவு வேலியைப் பார்த்த குகதாசன் தலையில் கை வைத்தான்.

"உதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? சண்டை பிடிச்ச ஆக்களெல்லோ பொட்டு அடைக்கிறவை!"

"கேற் இருக்குத்தானே?"

"நைற்றியோடை, குடத்தோடை றோட்டால வரேலுமே? தண்ணி தரமாட்டன் எண்டு நீர் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு. நான் போய்க் கதைக்கட்டே?"

"வேண்டாம். நான்தான் அடிச்சனான்."

விடிந்ததும் ஆணிகளைக் கழற்றினாள். யாரும் வரவில்லை. இதுவரை அந்த வீட்டுக்கு அவள் உடுப்பு மாற்றி, கையில் ஏதாவது பலகாரத்தோடு, கேற்றால்தான் போயிருக்கிறாள். இன்று வெறுங்கையோடு பொட்டுக்குள் நுழைந்தாள். தகரத்தில் பாவாடை கொளுவிக் கிழிந்தது.

"ஆரது, கள்ளரே?" குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த உதயகலா தலை நிமிர்த்தவில்லை.

"நான், அக்கா. பச்சைமிளகாய் தாங்கோ."

"ஏன், கடை இல்லையோ? கேற் இல்லையோ?"

"கேற் தூரம்." மரிசெல் கிழிந்த பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டாள். "நாய்க்குத்தான் அடைச்சனான். உங்கடை கோழி செத்தது. நான் அழுதனான்."

திருவலை நின்றது.

"என்ரை கோழிக்கு நீ அழுதனியோ?"

"ஓம்."

"விசரி! நாயை மறிக்கிறன் எண்டு என்னையும் சேத்தே மறிக்கிறது?" உதயகலா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "தள்ளு. பூரணத்தின்ரை தண்ணியிலை தேத்தண்ணி போட்டு நாக்குச் செத்துப்போச்சு. மிளகாய் மரத்திலை கிடக்கு, வேணுமானதைப் பிடுங்கு."

பொழுதுபட வேலையால் வந்த குகதாசனுக்குச் சட்டை கழற்றவும் நேரம் கிடைக்கவில்லை. நாய் வராமல் பொட்டுக்குத் திறந்து மூடுகிற ஒரு சின்னப் படலை போட வேண்டும் என்று இரண்டு பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். கொளுக்கி தன் பக்கம்தான் இருக்க வேண்டும் என்றாள் உதயகலா, கோழி அவளுடையது. இல்லை, கிணறு எங்கடை பக்கம் என்றாள் மரிசெல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ரெண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்கோ" என்று சுத்தியலைக் கீழே வைத்தான் குகதாசன். அவர்கள் முடிப்பதாயில்லை.